இறைத்த கிணறு ஊறும்

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘ஆண்கள் உடல்நலம்’ என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாமா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். வேண்டாம், ‘ஆண் இனப்பெருக்க உறுப்புகள்: அமைப்பும் வேலையும்’ என்றே அச்சடியுங்கள் என்றேன். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் இதே விஷயத்துக்கு நோட்டீஸ் ஒட்டுகிறவர் யாரும் கூச்சப்படுவதில்லை. ‘ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? சிறுவயதுத் தவறுகளா?’ என்று பெரிய எழுத்தில் கேட்டுவிட்டு, லாட்ஜின் பெயர், அறை எண், வைத்தியர் எந்தெந்தத் தேதியில் வருவார் என்பது வரை போட்டிருப்பார்கள். அப்படி விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். சட்டம் வந்து 70 ஆண்டு தாண்டிவிட்டது. சுவரில் பசை இன்னும் காயவில்லை.

காரணம் எளிது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் படத்தோடு பாடம் இருக்கிறது. பல வகுப்பறைகளில் அந்தப் பக்கம் வரும்போது, ‘இதை நீங்களே வீட்ல படிச்சுக்கோங்க’ என்று தாண்டிவிடுகிறார்கள். வீட்டில் அப்பா வாய் திறப்பதில்லை. வாய் திறக்கிற ஒரே ஆள் அந்த லாட்ஜ் வைத்தியர்தான்.

அவருடைய வியாபாரம் முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. விந்து என்பது உடம்பில் இருப்பு வைத்த செல்வம், செலவழித்தால் தீரும், அது தீர்ந்தால் ஆளே தீர்ந்தான் என்ற நம்பிக்கை. நாற்பது துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து ஆகிறது என்று ஒரு கணக்கும் சொல்வார்கள். இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. 1760இல் தீசோ என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது 40 அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதைவிட மோசம் என்ற கருத்தைப் புத்தகத்தில் எழுதி ஐரோப்பாவையே பயமுறுத்தினார். இந்தப் பயத்தால் களைப்பு, தூக்கமின்மை, படபடப்பு என்று வந்து நிற்கிற இளைஞர்களைப் பார்த்த நம் நாட்டு மனநல மருத்துவர் என்.என். விக், 1960இல் அதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்தார். அங்கே நோய் பயம்தான். விந்து வெளியேறுவது நோயல்ல.

இன்று நான் செய்யப்போவது ஒன்றுதான். எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த ‘இருப்பு’க் கணக்கு தானாகவே விழுந்துவிடும்.

விரையில் தொடங்குவோம். பாடப்புத்தகம் விந்தகம் என்று சொல்லும். இரண்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். பெரும்பாலோருக்கு இடது பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அது குறையல்ல. இந்த விரை, தொங்குகிற இடத்தில் உருவாவதில்லை. கருவில் அது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகிறது. பிறகு மெல்ல இறங்கி, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடையிடுக்குக் கால்வாய் வழியாக விரைப்பையை வந்து அடைகிறது. இடம் மாறினாலும் ரத்தக்குழாயும் நரம்பும் பழைய இடத்திலிருந்துதான் வருகின்றன. விரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழே மகாதமனியிலிருந்து கிளம்புகிறது. அதனால்தான் சிறுநீரகக் கல் வலி விரை வரைக்கும் இறங்குகிறது. விரையில் பந்து பட்டால் வயிற்றைப் பிசைகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பையனைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு ஒரு விரையாவது இறங்காமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு இது இன்னும் அதிகம். குளிப்பாட்டுகிற பாட்டியின் கைதான் பெரும்பாலும் இதை முதலில் கண்டுபிடிக்கும். ‘வளர வளரத் தானா இறங்கிடும்’ என்று பாட்டி சொல்வதில் பாதி உண்மை உண்டு: முதல் சில மாதங்களில் பலருக்கு இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்கவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. 18 மாதத்துக்குள் அறுவை செய்து பையில் வைத்துத் தைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கலாம். விரைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இவ்வளவு முக்கியமான உறுப்பை வயிற்றுக்குள் பத்திரமாக வைக்காமல் வெளியே ஏன் தொங்கவிட வேண்டும்? வெப்பம்தான் காரணம். விந்தணு உருவாக, உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூடு வேண்டும். குளிரில் பை சுருங்கி விரையை உடம்போடு ஒட்ட வைக்கும். வெயிலில் தளர்ந்து தள்ளி வைக்கும். அதோடு, மேலிருந்து வரும் தமனியைச் சுற்றிக் கொடிபோல் சிரைகள் பின்னியிருக்கின்றன. கீழிருந்து ஏறுகிற குளிர்ந்த ரத்தம், இறங்குகிற சூடான ரத்தத்தின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தச் சிரைகள் புடைத்துப்போனால் வேரிகோசீல் என்கிறோம். ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இருக்கும். பெரும்பாலும் இடது பக்கம்தான். இடது விரையின் சிரை நெடுந்தூரம் ஏறிச் சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுவது அதற்கு ஒரு காரணம். எல்லோருக்கும் சிகிச்சை தேவையில்லை. வலி இருந்தாலோ, பிள்ளை தங்காமல் விந்துப் பரிசோதனையும் குறைவாக வந்தாலோ யோசிப்போம்.

இனி விரையின் உள்ளே போவோம். நெதர்லாந்து மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப், விரை என்பது திரண்ட சதையல்ல, மெல்லிய குழல்களின் சுருள் என்று 1668இல் தன் நூலில் காட்டினார். அந்தக் குழல்களை எல்லாம் பிரித்து நீட்டினால் சில நூறு மீட்டர் வரும். குழலின் சுவரில்தான் விந்தணு உருவாகிறது. ஒரு மூல அணு பிரிந்து, குரோமோசோம் எண்ணிக்கை 46இலிருந்து 23ஆகக் குறைந்து, வால் முளைத்து வெளியே வர ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. கூடவே நின்று ஊட்டி வளர்ப்பவை, 1865இல் இத்தாலியர் செர்டோலி விவரித்த அணுக்கள். ஆரோக்கியமான ஆணிடம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி அளவில் விந்தணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஏறத்தாழ ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூப்படையும் வயதில் தொடங்கும் இந்த வேலை, வேகம் குறைந்தாலும், முதுமை வரை நடக்கிறது.

இங்கேதான் அந்த இருப்புக் கணக்கு உடைகிறது. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே கூடவே வருகின்றன. அவை குறைந்துகொண்டுதான் போகும். இருப்பு என்ற சொல் அங்கே பொருந்தும். ஆணிடம் அப்படி இல்லை. இறைத்த கிணறு ஊறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. இறைக்காமல் விட்டால் சேர்ந்துகொண்டே போகுமா? போகாது. பயன்படாத விந்தணுக்கள் முதிர்ந்து, சிதைந்து, உடம்பிலேயே கரைந்துவிடும். கொஞ்சம் சிறுநீரோடு போகும். தூக்கத்தில் வெளியேறினாலும் சரி, தானாக வெளியேற்றினாலும் சரி, உடம்பு அதைக் கணக்கில் எழுதி வைப்பதில்லை. ஒருமுறை வெளியேறும் விந்து 2 முதல் 5 மில்லி, பெரும்பகுதி தண்ணீர். அதில் இருக்கும் புரதம் ஒரு கிராமில் ஒரு சிறு பகுதி. ஒரு கோழி முட்டையிலோ 6 கிராம் இருக்கிறது.

குழல்களுக்கு இடையே லெய்டிக் அணுக்கள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பவை இவைதாம். விரை இப்படி ரத்தத்தில் எதையோ சுரக்கிறது என்பதற்கு முதல் சான்று சேவல்களிடமிருந்து வந்தது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் இளஞ்சேவல்களின் விரைகளை எடுத்தார். சிலவற்றை அப்படியே விட்டார்; அவற்றின் கொண்டை சுருங்கியது, கூவவில்லை, சண்டைக்குப் போகவில்லை. வேறு சிலவற்றுக்கு விரையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். பழைய நரம்பு இணைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் கொண்டை சிவந்தது, கூவியது, பெட்டையைத் துரத்தியது. அப்படியானால் விரையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது என்று முடிவு செய்தார். அந்த ஏதோ ஒன்று டெஸ்டோஸ்டிரோன் என்று தெரிய 1935 வரை ஆனது.

இடையில் ஒரு வேடிக்கை. 1889இல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். நீரில் பிழிந்த சாற்றில் அந்த ஹார்மோன் இறங்காது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவருக்கு வந்த தெம்பு நம்பிக்கையால் வந்தது. லேகிய டப்பாவும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. எவ்வளவு பெரிய அறிஞரும் இந்த விஷயத்தில் ஏமாறலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். விரைக்கு உத்தரவு மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், ‘ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது’ என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். தோள் பெருக்கும், விரை சுருங்கும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் போகலாம். ஊசியை நிறுத்தினாலும் மீண்டுவர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுமையாக மீள்வதில்லை. ஆண்மை கூட வேண்டும் என்று போட்டுக்கொள்ளும் ஊசி பிள்ளை வரத்தையே பறிக்கிறது.

விரையிலிருந்து வெளிவரும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற சுருள்குழாயில் அது முதிர்ச்சி பெறுகிறது. நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் அந்தக் குழாயைக் கடக்கச் சில நாள்முதல் இரண்டு வாரம் வரை ஆகும். பயணம் இப்படி மொத்தம் இரண்டரை மூன்று மாதம் நடப்பதால், இன்று விந்துப் பரிசோதனையில் குறைவு வந்தால், அது இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த கடுங்காய்ச்சலின் விளைவாகவும் இருக்கலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் இடிந்துபோக வேண்டாம்.

அடுத்தது விந்துநாளம். வாஸெக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவையில் வெட்டிக் கட்டுவது இதைத்தான். அதில் ஆண்குறியைத் தொடுவதில்லை, விரையை எடுப்பதில்லை, ஹார்மோன் ரத்தத்தின் வழியாகப் போவதால் ஒரு துளிகூடக் குறைவதில்லை. விந்தின் அளவிலும் வித்தியாசம் தெரியாது. காரணத்தை இதோ சொல்கிறேன். விந்தில் விந்தணுக்களும் அவற்றோடு வரும் திரவமும் நூற்றுக்குச் சுமார் 5 பங்குதான். அறுபது எழுபது பங்கு விந்துப்பைகளிலிருந்து வருகிறது. விந்தணுவுக்கு எரிபொருளான ஃபிரக்டோஸ் சர்க்கரை அதில் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு புரோஸ்டேட் சுரப்பியின் திரவம். நாளத்தைக் கட்டினால் அந்த 5 பங்கு மட்டும் நிற்கிறது. ஏற்கெனவே வழியில் இருக்கும் விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை மட்டும் வேறு தடுப்பு வேண்டும். இவ்வளவு எளிய சிகிச்சையாக இருந்தும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில் நடந்த கட்டாய அறுவைகள் விட்டுச்சென்ற பயத்துக்கு இதில் பங்குண்டு. ஆனால் அதன் பிறகு பிறந்த தலைமுறையும் வயிற்றைத் திறக்கும் அறுவையை மனைவியிடமே தள்ளிவிடுகிறது.

விந்தணுவைப் பார்த்து முதலில் விவரித்து எழுதியவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக். 1677இல் தன் சொந்த விந்தையே நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதும்போது, இது பாவம் செய்து எடுத்ததல்ல, மனைவியோடு இருந்த பிறகு கிடைத்தது என்று விளக்கமும் கொடுத்தார். அருவருப்பாகப் பட்டால் வெளியிட வேண்டாம் என்றும் சொன்னார். அவர் பார்த்ததை இன்று எந்த ஊர் லேபிலும் பார்க்கலாம். மாதிரி வந்தவுடன் கூழாக இருக்கும். இருபது முப்பது நிமிடத்தில், புரோஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு நொதி அதைத் தண்ணீராக இளக்கிவிடும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துக் குனிந்தால், முட்டை வடிவத் தலையும் அதைப்போல் பத்து மடங்கு நீள வாலுமாக நூற்றுக்கணக்கில் தெரியும். சில நேராகப் பாய்கின்றன. சில ஒரே இடத்தில் வட்டமடிக்கின்றன. சில துடிக்கின்றன, நகரவில்லை. சிலவற்றுக்கு இரண்டு தலை. இவ்வளவு கோளாறும் இயல்புதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் இருந்து, அதில் நூற்றுக்கு 4 மட்டும் ஒழுங்கான வடிவில் இருந்தாலே போதும்.

பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனால் மருமகள்தான் ஸ்கேன், மாத்திரை, அரசமரம் என்று சுற்றி முடிப்பாள். மகன் ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்கக் கடைசியில்தான் வருவான். ஊசிகூட வேண்டாத, வயிற்றைத் தொடக்கூட வேண்டாத பரிசோதனை அது. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மாமியார்மார் இங்கே இருந்தால், இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது ஆண்குறி. அதில் எலும்பு இல்லை. நாய்க்கும் எலிக்கும் உண்டு, மனிதனுக்கு இல்லை. மூன்று நீளமான திசு உருளைகள் இருக்கின்றன. மேலே இரண்டு, விறைப்புக்கு. கீழே ஒன்று, சிறுநீர்க்குழாயைச் சுற்றி. ஆசை எழும்போது நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன. தமனிகள் விரிந்து உருளைகள் ரத்தத்தால் நிரம்புகின்றன. நிரம்பிய உருளை, வெளியேறும் சிரைகளைத் தன் உறையோடு சேர்த்து அழுத்தி அடைக்கிறது. விறைப்பு என்பது அவ்வளவுதான். ரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான், நெஞ்சுவலிக்காகச் சோதித்த சில்டெனாஃபில் என்ற மருந்து வயாகராவாகக் கடைக்கு வந்தது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுவரில் எழுதுகிறவர்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. ஆண்குறியின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பும் சர்க்கரையும் புகையும் குழாய்களை அடைக்கத் தொடங்கினால், சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாற்பது ஐம்பது வயதில் புதிதாக விறைப்புக் குறைந்தால், சில ஆண்டுகளில் வரக்கூடிய மாரடைப்பின் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். லாட்ஜுக்குப் போகிறவருக்கு லேகியம் கிடைக்கும். மருத்துவமனைக்குப் போகிறவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் பார்ப்பார்கள். உயிரைக் காப்பது இரண்டாவது. இளைஞர்களுக்கோ, தூக்கத்தில் ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வந்துபோகும். காலையில் விறைப்பு இருக்கிறது, துணையோடு இருக்கும்போது மட்டும் இல்லை என்றால், குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, பதற்றம்தான் தடை. அளவைப் பற்றியும் கேட்பார்கள். 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி 13.12 சென்டிமீட்டர். எண்ணெய் தடவி இதை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை.

புரோஸ்டேட் பற்றி ஒரு வார்த்தை. இளமையில் 20 கிராம் அளவில் இருக்கும் இந்தச் சுரப்பியின் நடுவே சிறுநீர்க்குழாய் போகிறது. வயதாக ஆக அது வீங்கிக் குழாயை நெருக்கும். அறுபது வயதில் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் இருக்கும். இரவில் நான்கு முறை எழுவதும், முக்கிக்கொண்டு நிற்பதும் ‘வயசாச்சு’ என்று விட்டுவிட வேண்டியவை அல்ல, மாத்திரை உண்டு. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது அந்தப் பையன். பதினான்கு வயது என்று வையுங்கள். இரவு இரண்டு மணிக்குத் திடீர் வலியில் எழுகிறான், வாந்தி எடுக்கிறான். ‘வயிறு வலிக்குதும்மா’ என்கிறான். அது பாதி கூச்சம். பாதி, நான் முன்பு சொன்ன அந்த வயிற்று நரம்பு. அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். காலையில் கிளினிக், மாலையில் எங்களிடம். திறந்து பார்த்தால், விரை தன் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, கருநீலமாகக் கிடக்கிறது. முறுக்கை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி நிறம் திரும்புகிறதா என்று காத்திருப்போம். 6 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் திரும்பும். இவ்வளவு தாமதமானால் எடுத்துவிடத்தான் வேண்டியிருக்கும். ‘ஏன்டா முன்னாடியே சொல்லல?’ என்று கேட்டால், ‘அம்மாகிட்ட இதை எப்படி சார் சொல்றது?’ என்பான். அவன் விரையைப் பறித்தது நோய் மட்டுமல்ல, நாம் பேசாமல் இருந்ததும்தான்.

ஆகவே அப்பாமார்களே, அண்ணன்மார்களே, ஆசிரியர்களே, பையன்களிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். விரையில் திடீர் வலி வந்தால் நள்ளிரவானாலும் எழுப்பு. மாதம் ஒருமுறை குளிக்கும்போது விரல்களால் உருட்டிப் பார். வலியில்லாத கெட்டிக் கட்டி தட்டுப்பட்டால் சொல். இளவயதில் வரும் விரைப் புற்றுநோய் சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். மூன்றாவது, தூக்கத்தில் விந்து வெளியேறினால் பயப்படாதே. துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுப் படிக்கப் போ.

இனி உங்கள் முறை. சீட்டுகள் சுற்றுக்கு வரும். கேள்வியை எழுதி மடித்துக் கொடுங்கள். பெயர் போட வேண்டாம். ‘என் நண்பனுக்கு ஒரு சந்தேகம்’ என்று தொடங்கவும் வேண்டாம்.